சீம்பாலும் சேதன விசாரமும்

அறிவில்லாத பொருள் ஒரு பயனை நாடித் தானே தொழிற்படுமா, அன்றி அறிவுள்ள ஒருவனுடைய ஏவலின்றி அணுவும் அசையாதா என்ற கேள்வி நம் நாட்டுத் தத்துவ சாஸ்திரங்களில் மிகப் பழைமையானது. அந்தக் கேள்வியில் எதிரெதிராக நின்ற இரு கட்சியாரும் தத்தமக்குச் சாட்சியாக அழைத்து நிறுத்திய பொருள், மலையோ கடலோ நக்ஷத்திர மண்டலமோ அன்று, பசுவின் மடியில் சுரக்கும் பால்தான் என்பது சிந்திக்கத் தக்கது. கன்று வளர வேண்டும் என்பதைச் சிறிதும் அறியாத பால், கன்றின் வளர்ச்சிக்காகவே சுரக்கக் காண்கிறோம். அவ்வாறே ஜடமாகிய பிரகிருதியும், தனக்கென ஓர் அறிவு இல்லாமலே, புருஷனுடைய மோக்ஷத்தின் பொருட்டுப் பிரவிருத்தி கொள்கிறது என்பது ஈசுவரகிருஷ்ணர் சாங்கிய காரிகையின் 57-ஆவது சுலோகத்தில் நிலைநாட்டும் கருத்து.

வேதாந்திகள் இதை ஒப்பவில்லை. பிரம்ம சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்து இரண்டாம் பாதத்தில் பாதராயணர் இதே பாலை எடுத்துக்கொண்டு சாங்கியருக்கு மறுமொழி கூறுகிறார். அதற்குப் பாஷ்யம் செய்த சங்கரர், பால் அசேதனமே ஆயினும் பசு சேதனம் என்றும், கன்றின்மேல் அதற்குள்ள அன்பே பாலைச் சுரக்கச் செய்கிறது என்றும், கன்று முட்டிக் குடிப்பதும் அச்சுரப்புக்கு ஒரு காரணம் என்றும், இவை எல்லாவற்றுக்கும் மேலாக எப்பொருளுக்குள்ளும் நின்று நடத்தும் அந்தரியாமி ஒருவன் உளன் என்றும் விளக்குகிறார். புல் தானாகவே பாலாகிவிடுகிறது என்று சாங்கியர் சொல்ல வருவாராயின், எருது தின்ற புல் ஏன் பாலாகவில்லை என்ற கேள்வியும் அடுத்த சூத்திரங்களிலேயே தொடர்ந்து வருகிறது.

இவ்வளவு நுட்பமாக வாதிட்ட இரு சாராரும், பாலை எந்நாளும் ஒரே தன்மையுடைய பொருளாகவே வைத்துக்கொண்டு வாதிட்டார்கள். ஆனால் கன்று ஈன்ற முதல் மூன்று நாட்களில் மடியில் இருப்பது ஒரே பொருள் அன்று. காலையில் கறந்தது வேறு, மாலையில் கறப்பது வேறு, மறுநாள் கறப்பது அதனினும் வேறு. அந்த மாறுதலின் ஒழுங்கை அறிந்துகொண்டு பழைய கேள்வியை மீண்டும் கேட்டால், அது முன்னினும் கூர்மை பெற்று நிற்பதோடு, அதற்கு விடை தேடவேண்டிய திசையும் ஓரளவு புலப்படுகிறது என்பது என் எண்ணம்.

கன்று நிலத்தில் விழுந்து, பசு அதன் உடம்பைப் போர்த்த வழும்பை நக்கித் துடைத்துக்கொண்டிருக்கும் வேளையில் காம்பை மெல்ல இழுத்தால், முதலில் வருவது நாம் அறிந்த வெண்பால் அன்று. விளக்கெண்ணெய்போல் கனத்து, விரலிடுக்கில் பிசுக்கென்று ஒட்டும் மஞ்சள் திரவம். அதுவே சீம்பால். அடுப்பில் ஏற்றினால் அது மற்றப் பாலைப்போல் பொங்கி எழாமல், சூடேற ஏறத் திரண்டு கட்டியாகிவிடும். வெல்லமும் ஏலமும் கூட்டி ஆவியில் வேகவைத்து அதைத் தின்பண்டமாக உண்பதும் நம் வீடுகளில் உண்டு. அந்த மஞ்சள் நிறம், பசுந்தீவனத்திலிருந்து வந்து கொழுப்போடு கலந்த கரோட்டீனால் ஆனது. அது கட்டியாவதற்குக் காரணம், சூட்டில் உறையும் தன்மையுள்ள புரதங்கள் அதில் அளவுக்கு மிஞ்சி நிறைந்திருப்பது.

பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கறந்து சோதித்த மேல்நாட்டுக் கறவைப் பசுக்களின் சராசரிக் கணக்கைப் பார்ப்போம். முதற் கறவையில் நூற்றுக்கு ஏறக்குறைய 14 பங்கு புரதம். அதில் 6 பங்கு, இம்யூனோகுளோபுலின் என்று விஞ்ஞானிகள் பெயரிட்ட நோயெதிர்ப்புப் புரதம். இரண்டாம் கறவையில் புரதம் 8 பங்கு சொச்சமாகவும், நோயெதிர்ப்புப் புரதம் 4 பங்கு சொச்சமாகவும் இறங்குகின்றன. மூன்றாம் கறவையில் புரதம் 5 பங்கு, நோயெதிர்ப்புப் புரதம் இரண்டரைக்கும் குறைவு. சில நாள் கழித்து வரும் சாதாரணப் பாலிலோ புரதம் மொத்தமே 3 பங்குக்குச் சற்று மேல். நோயெதிர்ப்புப் புரதம் ஒரு பங்கில் பத்தில் ஒன்றுகூடத் தேறாது. பால் சர்க்கரையாகிய லாக்டோஸ் இதற்கு நேர் எதிராக, முதற் கறவையில் 2.7 பங்காக இருந்து 5 பங்கை நோக்கி ஏறிச் செல்கிறது. மடிக்குள் நீரை இழுத்துப் பாலின் அளவைப் பெருக்குவது அச்சர்க்கரையே ஆதலால், அது ஏற ஏறச் சீம்பால் இளகிப் பாலாகிறது. வைட்டமின் ஏ முதற் கறவையில் பன்மடங்கு மிகுந்திருந்து, இதே வேகத்தில் குறைகிறது. இனத்துக்கு இனமும், ஈற்றுக்கு ஈற்றும், தீவனத்துக்குத் தீவனமும் இவ்வெண்கள் மாறலாம்; இறங்குவது இறங்குவதும் ஏறுவது ஏறுவதும் மாறுவதில்லை.

இந்த ஏற்ற இறக்கத்துக்கு என்ன அர்த்தம் என்று அறியக் கன்றின் பக்கம் திரும்பவேண்டும். மனித சிசு கருவில் இருக்கும்போதே, தாயின் நோயெதிர்ப்புப் புரதங்களில் முக்கியமான ஒரு வகை நஞ்சுக்கொடியின் வழியாக அதன் இரத்தத்தில் சேர்ந்துவிடுகிறது. பசுவின் இளங்கொடியோ தாயின் இரத்தத்துக்கும் சேயின் இரத்தத்துக்கும் நடுவே அதிகமான அடுக்குகளை வைத்துக் கட்டிய சுவர். ஊட்டம் அதைக் கடக்கும், பெரிய புரதம் கடவாது. ஆதலால் கன்று, கண்ணும் காதும் காலும் குளம்பும் குறைவறப் பெற்று, ஆனால் நோயை எதிர்க்கும் புரதம் ஏறக்குறைய ஒன்றும் இல்லாத இரத்தத்தோடு, சாணமும் சேறும் ஈயும் நிறைந்த உலகத்தில் வந்து விழுகிறது. அந்தக் குறையை ஈடுசெய்யும் பொருள் முழுவதும், ஈற்றுக்குச் சில வாரங்களுக்கு முன்பிருந்தே பசுவின் இரத்தத்திலிருந்து பிரிந்து மடியில் சேர்ந்து காத்திருக்கிறது. கன்று பிறக்கும் தறுவாயில் ஹார்மோன்களின் நிலை மாற, அந்தச் சேர்க்கை நின்றுவிடுகிறது. அதன்பின் சுரப்பது, சேர்த்து வைத்ததை மேன்மேலும் நீர்க்கச் செய்யும்.

இதனினும் வியப்பானது கன்றின் குடலில் நிகழ்வது. உண்ட புரதத்தைச் சிதைத்துச் சீரணிப்பது குடலின் இயல்பாக இருக்க, பிறந்த கன்றின் குடல் சில மணி நேரம் மட்டும் அப்பெரிய புரதங்களைச் சிதைக்காமல் முழுதாகவே இரத்தத்துக்குள் அனுமதிக்கிறது. அவை வழியில் சிதைந்துவிடாதபடி, சீரணச் சுரப்பைத் தடுக்கும் ஒரு பொருளும் சீம்பாலிலேயே கலந்திருக்கிறது. அந்த வாயில் பிறந்த கணத்திலிருந்தே அடைபடத் தொடங்கி, முதல் ஆறு மணி நேரத்துக்குள்ளேயே கணிசமாகக் குறுகி, ஒரு நாள் முடிவதற்குள் ஏறக்குறைய முற்றும் மூடிக்கொள்கிறது. மடியில் மருந்து குறைந்துவருவதும், குடலில் வாயில் மூடிவருவதும், இரு வேறு உடல்களில், ஒன்றையொன்று அறியாமல், ஒரே கால அளவைக்குள் நடக்கின்றன. வாயில் மூடிய பின்னும் இரண்டாம் நாள், மூன்றாம் நாள் சீம்பால் வீணாவதில்லை. அது குடலுக்குள்ளேயே தங்கி அங்குள்ள கிருமிகளைத் தடுக்கிறது. ஆனால் ஒன்றை மறக்கலாகாது: திறந்திருக்கும் வாயில் நன்மைக்கு மட்டும் திறந்ததன்று, சீம்பால் தாமதித்தால், தொழுவத்துக் கிருமியும் அதே வழியாக உள்ளே புகும். 1922-இல் அமெரிக்காவின் ராக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த தியோபால்டு ஸ்மித்தும் ரால்ப் லிட்டிலும் வெளியிட்ட ஆராய்ச்சி, சீம்பால் கன்றுக்கு எவ்வளவு இன்றியமையாதது என்பதைத் தெளிவாகக் காட்டியது. சீம்பால் பெறாத கன்றுகளின் உடலில், மற்றக் கன்றுகளுக்குத் தீங்கு செய்யாத சாதாரணக் குடல் கிருமிகளே பரவிப் பெரும்பாலானவற்றைக் கொன்றன.

இனிப் பழைய கேள்விக்கு வருவோம். இவ்வளவு பொருத்தத்தையும் அறிந்து செய்தவர் யார்? பால் அறியாது என்பதில் வாதமில்லை. பசு அறியுமோ என்றால், அது கன்றை நேசிப்பதை நாம் காண்கிறோமே யன்றி, தன் இரத்தத்திலிருந்து எந்தப் புரதத்தைப் பிரித்து மடியில் வைக்கவேண்டும் என்று அது திட்டமிட்டதாகச் சொல்ல ஒருவரும் துணியார். கன்று பிறப்பதற்குப் பல நாள் முன்பே, இன்னும் காணாத ஒன்றுக்காக அச்சேமிப்பு நடந்துவிடுகிறதே. இந்த அளவில் சாங்கியர் சொன்னது மெய்: பயன் இருக்கிறது, பயனை அறிந்து செய்யும் மனத்தை அவ்விடத்தில் காணோம். டார்வினுடைய வழியில் வரும் விஞ்ஞானி இதற்குக் காரணமும் காட்டுவார்: எண்ணற்ற தலைமுறைகளில் இவ்வொழுங்கு குறைந்த தாய்களின் கன்றுகள் மாண்டொழிய, நிறைந்தவற்றின் கன்றுகளே எஞ்சி இனத்தைப் பெருக்கின, எஞ்சியதைப் பார்க்கும் நமக்கு அது திட்டமாகத் தோன்றுகிறது. இந்த விளக்கம் உண்மையானது. சமய நம்பிக்கை உடையவன் இதற்கு அஞ்சவும் வேண்டாம், இதை மறைக்கவும் வேண்டாம்.

ஆனால் இவ்விளக்கம் எந்தக் கேள்விக்கு விடை என்பதைத் தெளிந்துகொள்ளவேண்டும். ஒழுங்கு எவ்வழியாக வந்தது என்பதற்கு அது விடை. இப்படிப்பட்ட ஒழுங்கு வருவதற்கு இடங்கொடுக்கும் உலகம் ஏன் இருக்கிறது, தாய் என்ற ஓருயிர் சேய் என்ற மற்றோருயிருக்காகத் தன்னைப் பிழிந்து கொடுப்பதே உயிர்வாழ்வின் விதியாக ஏன் அமைந்தது என்பதற்கு அது விடை சொல்ல முற்படுவதும் இல்லை. சங்கரர் பசுவின் அன்போடு நின்றுவிடாமல் அந்தரியாமியையும் சேர்த்துச் சொன்னதன் அவசியம் இங்கேதான் விளங்குகிறது. பசுவின் அறிவு போதாத இடத்திலும் காரியம் அறிவுடையதாக நடக்கிறது என்றால், அறிவைப் பசுவின் தலைக்குள் தேடுவதை விட்டு, பசுவையும் கன்றையும் காலத்தையும் ஒருசேரத் தழுவி நிற்கும் நியதியில் அதைத் தேடுவதே முறை. அந்த நியதியை ஈசுவர சங்கற்பம் என்று வணங்குகிறவன், இரசாயனம் காட்டிய எதையும் மறுக்க வேண்டியதில்லை. அது காட்டக் காட்ட அவனுடைய வணக்கத்துக்குப் பொருள் மிகுகிறது.

சீம்பாலில் உள்ள நோயெதிர்ப்புப் புரதங்களைப் பற்றி மற்றொன்று நினைக்கத் தக்கது. அவை வானத்திலிருந்து வந்தவை அல்ல. அந்தப் பசு அந்தத் தொழுவத்திலும் அந்த மேய்ச்சலிலும் எந்த எந்த நோய்க் கிருமிகளைச் சந்தித்துப் பிழைத்ததோ, அந்த அநுபவத்தின் பலனே அவை. பல ஈற்றுக் கண்ட பசுவின் சீம்பால் தலையீற்றுக் கிடேரியின் சீம்பாலைவிடப் பொதுவாக இப்பொருளில் செழித்திருப்பதும் இதனால்தான். அவரவர் வினையின் பயனை அவரவரே நுகரவேண்டும், ஒருவர் செய்தது மற்றவரைச் சாராது என்பது கர்ம சித்தாந்தத்தின் கடுமையான கணக்கு. ஆனால் இப்பிறவியில் இன்னும் ஒரு வினையும் செய்யாத கன்றுக்கு இவ்வுலகத்தில் முதன்முதலாகக் கிடைக்கும் உணவு, மற்றோருயிர் பட்டுத் தேர்ந்த பாட்டின் பயன். இது கர்மக் கணக்கைப் பொய்யாக்குவதாக நான் கருதவில்லை; கணக்கு தொடங்குவதற்கு முன்னே கருணை ஒன்று முதலீடாக வைக்கப்பட்டிருக்கிறது என்று காட்டுவதாகவே கருதுகிறேன். அந்த முதலும் நிரந்தரமன்று. தாய் தந்த புரதம் வாரக்கணக்கில் தேய்ந்துகொண்டே வர, கன்று தன் உடம்பிலேயே தனக்கு வேண்டிய எதிர்ப்பைப் பழகி உண்டாக்கிக்கொள்கிறது. அநுக்கிரகம் முயற்சிக்குப் பதிலாக வருவதன்று, முயற்சி பிறக்கும்வரை உயிரைத் தாங்கி நிற்பது என்பது இதிலிருந்து விளங்குகிறது.

ஸ்ரீவைஷ்ணவ ஆசாரியர்கள் பகவானுடைய வாத்ஸல்ய குணத்தை விளக்கும்போது, ஈன்ற கன்றின் வழும்பை நக்கும் பசுவையே எடுத்துக் காட்டினார்கள். அடியார்களுடைய தோஷத்தையும் அவன் போக்யமாகக் கொள்கிறான் என்று பிள்ளை லோகாசாரியர் வழியினரும், தோஷத்தைக் காணாதிருப்பதே வாத்ஸல்யம் என்று வேதாந்த தேசிகர் வழியினரும் பொருள் கொண்டனர். ஜீவனுடைய முயற்சியைப் பற்றியும் அவர்களுக்குள் வேறுபாடு உண்டு: தாய்க்குரங்கைக் குட்டி பற்றிக்கொள்வதுபோல் ஜீவன் இறைவனைப் பற்றவேண்டும் என்பது ஒன்று, தாய்ப்பூனை குட்டியைத் தானே கவ்விச் செல்வதுபோல் இறைவனே ஏற்றுக்கொள்வான் என்பது மற்றொன்று. ஈன்ற பசுவின் அருகில் நின்று பார்ப்பவனுக்கு இவ்விரண்டும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்று தோன்றும். கன்று கேளாமலே மடி நிறைந்திருக்கிறது. கன்று அறியாமலே குடல் திறந்திருக்கிறது. தாயின் நாக்கு பட்டுப் பட்டு அதன் மூச்சும் இரத்த ஓட்டமும் சீர்ப்படுகின்றன. ஆனாலும் அது பின்னங்காலைத் தூக்கி, தடுமாறி விழுந்து, மறுபடி எழுந்து, முன்னங்கால் சந்திலும் அடிவயிற்றிலும் மூக்கை வைத்துத் தேடி, கடைசியில் காம்பை வாயில் பற்றித் தானே உறிஞ்சவேண்டும். கொடையில் அதற்குப் பங்கில்லை, பெறுவதில் பங்குண்டு. பெறுவதற்கும் காலம் உண்டு.

இவ்விடத்தில் மூன்றாமவன் ஒருவன் வருகிறான், அவன் மனிதன். காட்டில் வாழும் ஆவினத்துக்குத் தாயும் கன்றும் போதும். வீட்டுப் பசுவின் கன்றுக்கோ, அது கட்டப்பட்ட கயிறு ஒருவன் கையில் இருக்கிறது. இளங்கொடி விழும்வரை கன்றைக் காம்பில் விடக்கூடாது என்றும், விட்டால் கொடி தங்கிவிடும் என்றும் பல ஊர்களில் இன்றும் நம்புகிறார்கள். கொடி விழச் சில சமயம் எட்டு, பத்து மணி நேரம் ஆகலாம். அதற்குள் கன்றின் குடல் வாயில் பெரும்பாலும் குறுகிப்போகும். உண்மையில் கன்று முட்டிக் குடிக்கும்போது பாலை இறங்கச் செய்யும் ஆக்ஸிடாசின் என்ற அதே ஹார்மோன்தான் கருப்பையையும் சுருங்கச் செய்கிறது. குடிக்க விடுவது கொடி விழுவதற்குத் துணையே யன்றித் தடையன்று. பிறந்த ஒரு மணி, இரண்டு மணிக்குள் முதற் சீம்பாலும், முதல் நாளுக்குள் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவும் அதன் வயிற்றில் சேரவேண்டும் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்லிவருவது இதனால்தான்.

மநு ஸ்மிருதியின் ஐந்தாம் அத்தியாயம், விலக்கவேண்டிய உணவுகளைச் சொல்லுமிடத்தில், ஈன்ற பசுவின் சீம்பாலையும், ஈன்று பத்து நாள் கழியாத பசுவின் பாலையும் சேர்த்து வைத்திருக்கிறது. தீட்டுப் பற்றிய எண்ணத்தில் பிறந்த விதியாகவே அது இருக்கலாம். நோயெதிர்ப்புப் புரதத்தை அவ்விதி செய்தவர்கள் அறிந்திருந்தார்கள் என்று புனைந்து பெருமை கொள்வது அவர்களுக்கும் பெருமையன்று, உண்மைக்கும் ஏற்றதன்று. ஆயினும் விதி எக்காரணத்தால் பிறந்திருந்தாலும், அதன் பயன் எங்கே போய்ச் சேர்ந்தது என்று பார்க்க நமக்கு உரிமை உண்டு: மனிதன் கை வைக்கலாகாது என்று அது வேலியிட்ட நாட்களுக்குள், கன்றுக்கு அந்தப் பால் இன்றியமையாத நாட்கள் முழுவதும் அடங்கிவிடுகின்றன. கன்று வயிறாரக் குடித்தபின் மிஞ்சுவதை இக்காலத்தவர் உண்பதைக் குற்றம் என்று நான் சொல்லவில்லை. கன்றின் பங்கைக் கணக்கிடாமல் முதற் கறவையைப் பாத்திரத்தில் ஏற்றுவது அதர்மம் என்று தயங்காமல் சொல்வேன். அது வேறொரு நாள் திருப்பிக் கொடுக்கக்கூடிய கடன் அன்று, வாயில் அடைபட்டபின் அதே பாலைக் குடம் குடமாக ஊற்றினாலும் இரத்தத்தில் சேராது.

சாங்கியரும் வேதாந்திகளும் தொடங்கிய வாதத்துக்கு, ஆதலால், தொழுவத்திலிருந்து ஒரு முடிவைச் சேர்த்துக்கொள்ளலாம். பால் அறியாது, பசு அன்பை அறியுமே யன்றிக் காரணத்தை அறியாது, கன்று பசியை மட்டுமே அறியும். இம்மூன்றையும் இணைத்து நிற்கும் நியதியை அறியும் சேதனன், நம் கண்ணுக்கு எட்டியவரையில், கயிற்றைக் கையில் வைத்திருக்கும் மனிதன் ஒருவனே. உலக ஒழுங்கு அறிவுடையதா என்று விசாரிக்கும் உரிமை அவனுக்கு இருப்பதுபோலவே, அறிந்த அளவுக்கு அவ்வொழுங்குக்குக் கட்டுப்படும் கடமையும் அவனுக்கு இருக்கிறது. அந்தரியாமி உண்டென்று சூத்திரங்களால் நிலைநாட்டிவிட்டு, ஈன்ற பசுவின் கன்றைக் காம்புக்கு எட்டாமல் கட்டி வைப்பவனுடைய வேதாந்தம் வாயளவில் நின்றுவிட்டது. வாதம் ஒன்றும் அறியாதவனாயினும், கன்று எழுந்தவுடன் அதைக் கைத்தாங்கலாக மடியில் சேர்த்துவிடுபவன், அறிவற்ற இயற்கையில் அறிவு தேடிய அந்த நீண்ட விசாரத்தின் பயனை அடைந்தவனே ஆவான்.